ஏற முடியாத பேருந்துக்கு எதற்குக் கட்டணச் சலுகை?

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுக்குத் துணையாக வரும் ஒருவரும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணமின்றிப் பயணிக்கலாம். வெளியூர்ப் பேருந்துகளில் கால் பங்குக் கட்டணம் செலுத்தினால் போதும். ரயிலில் இரண்டாம் வகுப்பு, படுக்கை வசதி, மூன்றடுக்கு ஏ.சி. பெட்டிகளில், துணையின்றிப் பயணிக்க இயலாதவருக்கும் உடன் வருபவருக்கும் 75 விழுக்காடு சலுகை உண்டு. இந்தப் பட்டியலை மட்டும் படிப்பவருக்கு நம் அரசுகள் தாராள மனம் கொண்டவை என்றே தோன்றும். விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் கால் மணி நேரம் நின்று பார்த்தால்தான் கணக்கு எங்கே இடிக்கிறது என்று தெரியும். நம் ஊர்களுக்கிடையே ஓடும் வழக்கமான பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குறுகிய வாசல், செங்குத்தான படிகள். இடுப்புக்குக் கீழ் உணர்வும் அசைவும் இழந்த ஒருவர் அதில் ஏற வேண்டுமானால், இரண்டு பேர் அவரை அரிசி மூட்டையைத் தூக்குவதுபோலத் தூக்க வேண்டும். ஏற வழியில்லாத வண்டிக்குக் கட்டணச் சலுகை அளித்துவிட்டு, கடமை முடிந்ததென்று கோப்பை மூடும் நிர்வாகத்தின் மனசாட்சியை நாம் கேள்வி கேட்டாக வேண்டும்.

விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என்கிறோம். செராமிக் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அமைந்த அரசுப் பயிலகமும், மின்கடத்தாப் பொருள்களும் பொம்மைகளும் செய்யும் சிறு கூடங்களும் அந்தப் பெயரைத் தந்தன. சுற்றிலும் முந்திரித் தோப்பும் கரும்பும் நெல்லும். கொஞ்சம் தள்ளி நெய்வேலிச் சுரங்கம். உடலை மூலதனமாக வைத்துப் பிழைக்கும் மக்களின் ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில் முதுகுத்தண்டு முறிவு என்பது எங்கோ யாருக்கோ நேர்வது அல்ல. மரத்திலிருந்து விழுந்தவர், சாரத்திலிருந்து சரிந்தவர், இரவில் இருசக்கர வாகனத்தில் வரும்போது லாரியில் மோதியவர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடாமல் விட்டுப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனவர் என ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீடு உண்டு. பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்து நடத்தும் கூடங்கள் பொதுவாக இ.எஸ்.ஐ. வளையத்துக்குள் வருவதில்லை. ஆகவே பலருக்கு, விழுந்த நாளோடு வருமானமும் விழுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகளைக் கணக்கிட்டது. அவர்களில் ஏறத்தாழ 2.87 லட்சம் பேர் நடமாட்டத்தில் குறைபாடு உள்ளவர்கள். அந்தக் கணக்கும் பழையது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் வகைகளை 7-லிருந்து 21 ஆக விரிவாக்குவதற்கு முன்பு எடுக்கப்பட்டது.

'நாலு பேர் சேர்ந்து தூக்கி ஏற்றிவிட்டால் ஆயிற்று' என்று நல்ல மனதோடு சொல்பவர்கள் உண்டு. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில உண்மைகளை இங்கே சொல்வது அவசியம். தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்குச் செயலிழப்பு என்பது நோயின் வெளித்தோற்றம் மட்டுமே. உணர்வற்ற தோல் ஒரே இடத்தில் அழுந்தினால் சில மணி நேரத்தில் படுக்கைப்புண் தொடங்கிவிடும். படுத்திருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப்போடுவது அதனால்தான். உட்கார்ந்திருப்பவர் அதைவிட அடிக்கடி எடையை மாற்றிக்கொள்ள வேண்டும். கடினமான இருக்கையில் ஒன்றரை மணி நேரக் குலுக்கல் பயணம், ஆறு மாதம் ஆறாத புண்ணுக்குப் போதுமான காரணம். ஆண்டுக்கணக்கில் எடை தாங்காத கால் எலும்புகள் மெலிந்திருக்கும்; அவசரத்தில் பிடித்து இழுத்தால் முறியும், முறிந்தது அவருக்கே தெரியாது. சிறுநீர்க் குழாய் எங்காவது சிக்கி இழுபட்டால் ரத்தம் கசியும். மார்புக்கு மேற்பகுதியில் தண்டுவடம் அடிபட்டவருக்கு அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால்கூட ரத்த அழுத்தம் திடீரென எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களுடைய உடலுக்கு வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறனும் குறைவு. சித்திரை வெயிலில் கடலூர் மாவட்டத்துச் சாலையில் இவர்கள் பயணிக்கும் வாகனத்துக்கு ஏ.சி. கேட்டால் அதைச் சொகுசு என்று பதில் எழுதும் அலுவலர், முதலில் ஒரு மருத்துவரிடம் கேட்டுவிட்டு எழுதட்டும்.

இத்தனை சிக்கல்களோடு இருப்பவர்தான் மற்ற எவரையும்விட அதிகமாக மருத்துவமனைக்குப் போக வேண்டியவர். குழாய் மாற்ற, புண்ணைக் காட்ட, சிறுநீரகத்துக்கு ஸ்கேன் எடுக்க, தசை இறுக்கத்துக்கு மருந்து மாற்ற. பெரிய மருத்துவமனை என்றால் சிதம்பரம் சுமார் 45 கி.மீ., கடலூர் சுமார் 60 கி.மீ.; புதுச்சேரி ஜிப்மர் இன்னும் தள்ளி. வசதியுள்ள குடும்பம் கார் வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் வாடகைக்கு ஆம்னி வேனோ தனியார் ஆம்புலன்ஸோ பிடிக்க வேண்டும். கடும் பாதிப்புக்கு உள்ளானவர்களுக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். 2023 ஜனவரிக்கு முன்பு அது 1,500 ஆக இருந்தது. டயப்பர், குழாய், பஞ்சு, மருந்து எல்லாம் போக, ஜிப்மர் வரை ஒரு வேனைப் போய்வரச் சொல்ல அதில் என்ன மிஞ்சும்? உடன் போகும் மனைவியோ தாயோ அன்றைய கூலியையும் இழக்கிறார். பெரும்பாலும் பெண்களே சுமக்கும் இந்தச் சுமையை எந்த வரவுசெலவு அறிக்கையும் எழுதுவதில்லை. கடைசியில் நடப்பது இதுதான்: இந்த மாதம் போகவில்லை, அடுத்த மாதமும் போகவில்லை, புண் எலும்பைத் தொட்ட பிறகு 108-க்கு அழைக்கிறார்கள்.

அந்த 108 பற்றியும் சொல்லியாக வேண்டும். 2008 செப்டம்பரில் தொடங்கிய அந்தச் சேவை தமிழ்நாட்டின் பெருமை. அதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அது அவசரத்துக்கானது. வரும் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மருத்துவரைப் பார்க்கப் போக வேண்டியவருக்கு அது வராது, வரவும் கூடாது. பிரசவித்த தாயையும் குழந்தையையும் வீட்டில் விட தாய் சேய் நல ஊர்தி இருக்கிறது. அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலை ஊர் சேர்க்க இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. இரண்டும் நல்ல திட்டங்கள். பிறப்புக்கு ஒரு வண்டி, இறப்புக்கு ஒரு வண்டி என்று யோசித்த நிர்வாகம், இடையில் முப்பது ஆண்டுகள் படுக்கையில் வாழப்போகும் குடிமகனுக்கு ஒரு வண்டி வேண்டும் என்று யோசிக்கவில்லை. யோசிக்கும் திறன் இல்லை என்று சொல்ல முடியாது. 2024 மக்களவைத் தேர்தலில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களின் வீடு தேடிச் சென்று தேர்தல் ஆணையம் வாக்குப் பெற்றது. அதிகாரி, காவலர், ஒளிப்பதிவாளர், வாகனம் என எல்லாம் வாசலுக்கு வந்தன. வாக்குச் சீட்டுக்காக வர முடிந்த வண்டி, சிறுநீர்க் குழாய் மாற்றுவதற்காக ஏன் வர முடியாது?

மாநில அரசு எதுவுமே செய்யவில்லை என்பது நேர்மையான கூற்றாகாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறைச் சிகிச்சையையும் வலி தணிப்புச் சேவையையும் வீட்டுக்குக் கொண்டுபோகிறது. உலக வங்கி உதவியுடனான 'உரிமைகள்' திட்டம் சிகிச்சை வாகனங்களையும் ஒருங்கிணைந்த மையங்களையும் உறுதியளித்திருக்கிறது. இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்களும் மின்கல நாற்காலிகளும் வழங்கப்படுகின்றன. கை நன்றாக இயங்குபவருக்கு அந்த ஸ்கூட்டர் ஒரு விடுதலை. கழுத்துக்குக் கீழ் இயங்காதவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. மின்கல நாற்காலியும் தெரு முனை வரைதான். ஸ்கேன் எந்திரம் வீட்டுக்கு வராது. அறுவை அரங்கும் வராது. அதைவிட முக்கியமாக, மனிதன் மருத்துவமனைக்குப் போவதற்காக மட்டும் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. வேலை, படிப்பு, தங்கையின் திருமணம், பழமலைநாதர் கோயிலில் மாசி மகம் என வெளியே வரக் காரணங்கள் எத்தனையோ உண்டு. அவற்றைச் சலுகையாகக் கூட யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் குழப்பம் எதுவும் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்று உறுதி செய்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 41-ஆம் பிரிவில், பேருந்து நிறுத்தம் முதல் விமான நிலையம் வரை அணுகல் வசதி செய்து தரும் பொறுப்பை அரசுகளின் மேல் வைக்கிறது. கட்டுப்படியாகும் செலவில் ஒருவர் தாமாக நடமாடுவதற்கான திட்டங்களையும், வாகன மாற்றத்துக்கான உதவியையும், துணை ஆள் உதவியையும் வகுக்கச் சொல்கிறது. 25-ஆம் பிரிவு மருத்துவ வசதி அருகில் கிடைக்க வேண்டும் என்கிறது, கிராமப்புறத்தைக் குறிப்பாகச் சொல்கிறது. 38-ஆம் பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுவோர் அதைக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று வழி திறந்துவைத்திருக்கிறது. அந்தப் பிரிவு இருப்பதே விண்ணப்பிக்க வேண்டியவர்களில் பலருக்குத் தெரியாது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைச் சீர்செய்யத் தந்த ஐந்தாண்டு அவகாசம் 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. 2015 டிசம்பர் 3 அன்று பெரும் விளம்பரத்தோடு தொடங்கிய 'சுகம்ய பாரத்' இயக்கத்தின் இலக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவைக்கப்பட்டன.

இவற்றுக்கெல்லாம் மேலாக, அதிகம் பேசப்படாத ஒரு விதி இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2019 டிசம்பரில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 2020 மார்ச் 1 முதல் பேருந்துகளில் முன்னுரிமை இருக்கைகள், ஊன்றுகோல் பொருத்தும் இடம், கைப்பிடிகள், சக்கர நாற்காலி ஏறவும் நிறுத்திப் பூட்டவும் வசதி ஆகியவை இருக்க வேண்டும் என்றும், எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று தரும்போது இவற்றைச் சோதிக்க வேண்டும் என்றும் அறிவித்தது. இது சென்னைக்கு மட்டுமான விதி அல்ல. அதற்குப் பிறகு விருத்தாசலம் வழியாக ஓடத் தொடங்கிய அரசு, தனியார் பேருந்துகளில் எத்தனைக்கு இந்தச் சோதனை நடந்தது? பிரேக்கும் விளக்கும் சரியில்லை என்றால் எஃப்.சி. மறுக்கும் ஆய்வாளர், சக்கர நாற்காலிக்கு இடமில்லை என்பதற்காக ஒரு பேருந்தையாவது திருப்பி அனுப்பியிருக்கிறாரா? போக்குவரத்துத் துறை இதற்கு எண்ணிக்கையோடு பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளது.

சென்னையில் கிடைத்த சிறு வெற்றிகூடத் தானாக வந்ததில்லை. உரிமைச் செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் உயர் நீதிமன்றத்தில் விடாது நடத்திய பொதுநல வழக்கின் விளைவாகவே தாழ்தளப் பேருந்துகளை அரசு வாங்கியது. 400 மி.மீ. உயரத் தளமும் சாய்தளமும் கொண்ட அந்தப் பேருந்துகள் 2024 ஆகஸ்டில் சென்னையில் ஓடத் தொடங்கின. ஒப்பந்தமான 552 பேருந்துகளில் சென்னைக்கு 352, கோவைக்கு 100, மதுரைக்கு 100. விழுப்புரம் கோட்டத்துக்கு, அதன் கீழ் வரும் விருத்தாசலம் பணிமனைக்கு, பூஜ்யம். குடியுரிமைக்கு மாநகராட்சி எல்லை என்று ஒன்று இருப்பதாக அரசமைப்புச் சட்டத்தில் நாம் படித்ததில்லை.

வழக்கு நெடுகிலும் அரசுத் தரப்பு சொல்லிவந்த காரணங்கள் பழக்கமானவை: சாலை மோசம், வேகத்தடை உயரம், மழைநீர் தேங்கும், விலை அதிகம். முதல் மூன்றும் அரசின் வேறொரு துறை செய்த குற்றத்தின் ஒப்புதல் வாக்குமூலங்கள். நெடுஞ்சாலைத் துறையின் தவறுக்கு நடக்க இயலாதவரைத் தண்டிப்பது எந்த நீதி? தாழ்தளம் வெளியூர்த் தடத்துக்கு ஒத்துவராது என்றே வைத்துக்கொள்வோம். உயர்தளப் பேருந்தில் சக்கர நாற்காலியை ஏற்றி இறக்கும் தூக்கி பொருத்துவது புதிய விஞ்ஞானம் இல்லை. அமெரிக்கா 1990-லேயே சட்டம் இயற்றி, புதிய பேருந்துகள் அனைத்தும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்றது; அதிலும் ஏற இயலாதவருக்கு முன்பதிவின் பேரில் தனி வண்டி அனுப்புவதைப் போக்குவரத்து நிறுவனத்தின் கடமையாக்கியது. அவ்வளவு தூரம் போவானேன்? 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கத்தைக் கேரள அரசு 2008-ல் கொள்கையாகவே ஏற்றது. அங்கே ஊராட்சிகளின் பணத்தில் வண்டி அமர்த்தி, செவிலியரும் தன்னார்வலரும் படுக்கையிலிருப்பவரைத் தேடிப் போகிறார்கள். கேரளத்தின் கருவூலம் நம்முடையதைவிட நிரம்பியதும் இல்லை.

'இயன்றால்', 'பொருளாதார ரீதியில் சாத்தியமானால்' போன்ற சொற்கள் 41-ஆம் பிரிவிலேயே இருக்கின்றன என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் எல்லா நிர்வாகங்களும் இதுவரை தப்பித்து வந்தன. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் போக்குக்கு முடிவு கட்ட முயன்றது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த, அச்சட்டத்தின் கீழான 2017 விதிகளின் 15-ஆம் விதி சட்டத்துக்கே முரணானது என்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கட்டாயத் தரங்களை மூன்று மாதங்களில் வகுக்கச் சொன்னது. 'முடிந்தால் செய்கிறோம்' என்பது இனி ஏற்கத்தக்க விடை அல்ல.

ரயில்வேயும் இந்த விசாரணையிலிருந்து விலகிக்கொள்ள முடியாது. விருத்தாசலம் சந்திப்பு அம்ருத் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டு 2025 மே 22 அன்று பிரதமரால் திறந்துவைக்கப்பட்டது. சென்னை, திருச்சி, சேலம், கடலூர் என நான்கு பக்கமும் தடம் பிரியும் சந்திப்பு அது, மகிழ்ச்சியே. நடைமேடை வரை சக்கர நாற்காலி வந்துவிடலாம். அதற்கு மேல் பெட்டியின் உயரமும், நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையிலான இடைவெளியும், இரண்டு நிமிட நிறுத்தமும் மிஞ்சுகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புப் பெட்டி வண்டியின் ஒரு கோடியில் நிற்கும். அது முன்னால் வருமா பின்னால் வருமா என்று கடைசி நிமிடம் வரை தவிக்க வேண்டியிருக்கிறது. கட்டடத்தின் முகப்புக்குச் செலவழித்த அக்கறையில் ஒரு பங்கை, எடுத்துப்போய்ப் பொருத்தும் சாய்பலகைக்கும் அதைக் கையாளப் பழகிய இரண்டு ஊழியருக்கும் ஒதுக்கியிருந்தால் பயன் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

பத்திரிகைகளும் வாசகர்களும் விரும்பும் ஒரு வகைக் கதை உண்டு. 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தபடியே அறுவை செய்து, 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கினார். 1975-ல் கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். மாநில அணிக்காகக் கிரிக்கெட் ஆடிய ப்ரீத்தி சீனிவாசன் 1998 விபத்துக்குப் பின் திருவண்ணாமலையிலிருந்து 'சோல்ஃப்ரீ' வழியாகத் தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கு உழைக்கிறார். மூவரும் நம் வணக்கத்துக்குரியவர்கள். ஆனால் அவர்களுடைய மன உறுதியைப் பாராட்டிக் கைதட்டிவிட்டு, அதே உறுதியை முந்திரித் தோப்பில் விழுந்த கூலித் தொழிலாளியிடமும் எதிர்பார்ப்பது கொடுமை. சாதனையாளராக இல்லாதவருக்கும் பேருந்தில் ஏற உரிமை உண்டு. இந்த மூவரும் நிறுவனங்கள் கட்டியதே, அடுத்து வருபவர் இவ்வளவு போராட வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

செய்ய வேண்டியவை மலையைப் புரட்டும் காரியங்கள் அல்ல. வட்டத்துக்கு ஒன்றாவது, சாய்தளமும் நாற்காலியைப் பூட்டும் வசதியும் படுத்துச் செல்லும் இடமும் ஏ.சி.யும் கொண்ட வாகனத்தை அரசு அமர்த்தி, தொலைபேசியில் முன்பதிவு செய்தவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்த் திரும்ப விட வேண்டும்; 108-ஐ நடத்தத் தெரிந்த மாநிலத்துக்கு இதை நடத்தத் தெரியாதா? ஒரே பகுதியிலிருந்து வருபவர்களுக்கு ஒரே நாளில் நேரம் ஒதுக்க மருத்துவமனைகள் முன்வந்தால் செலவு குறையும். விருத்தாசலம்–கடலூர், விருத்தாசலம்–சிதம்பரம் தடங்களில் அறிவிக்கப்பட்ட நேரத்தில் தூக்கி பொருத்திய பேருந்துகள் நாளொன்றுக்குச் சில நடைகளாவது ஓட வேண்டும். அடையாள அட்டைக்கும் மறுமதிப்பீட்டுக்கும் படுக்கையிலிருப்பவரை முகாமுக்கு வரச் சொல்வதை உடனே நிறுத்தி, மருத்துவக் குழு வீட்டுக்குப் போக வேண்டும். தனியார் பேருந்து உரிமையாளர்களும் தங்கள் பங்கிலிருந்து தப்ப முடியாது. பொதுச் சாலையில் ஓட அனுமதி பெற்றவர் பொதுமக்களில் ஒரு பகுதியினரை வாசலிலேயே தடுத்து நிறுத்த எந்த உரிமமும் இடம் தரவில்லை.

2016 சட்டத்தை மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரையிலும், மறுபடி மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க 89-ஆம் பிரிவு இடம் தருகிறது. புகாரை எடுத்துக்கொள்ள மாநில ஆணையர் இருக்கிறார். ஆணையர் புகார் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தாமாகவே விசாரிக்கும் அதிகாரத்தைச் சட்டம் அவருக்குத் தந்திருக்கிறது. அவர் முதலில் கேட்க வேண்டிய கோப்புகள் இரண்டு. ஒன்று, 2020 மார்ச்சுக்குப் பின் கடலூர் மாவட்டத்தில் வழங்கப்பட்ட பேருந்து எஃப்.சி.க்களின் ஆய்வுக் குறிப்புகள். மற்றொன்று, விழுப்புரம் கோட்டத்துக்குப் பேருந்து வாங்குவதற்கான அடுத்த ஒப்பந்தப்புள்ளியின் வரைவு. அந்த வரைவில் சக்கர நாற்காலித் தூக்கிக்கான வரி இல்லையென்றால், அதில் கையெழுத்திட்டது யார் என்று இந்த மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் அவையில் எழுந்து கேட்க வேண்டும்.